விக்டோரியா அரங்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் சில வாரங்களிலேயே பார்த்துவிடும் கட்டடங்களில் எம்பிரஸ் பிளேஸின் வெள்ளை மணிக்கூண்டும் ஒன்று. ஆற்றங்கரையோரம் நடந்து வந்து, நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் சிலைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்படியே மெர்லயன் சிலைப் பக்கம் போய்விடுவார்கள். மணிக்கூண்டின் இரண்டு பக்கமும் இருக்கும் கதவுகளுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. "அது மேற்கத்திய இசை தெரிந்தவர்கள் போகிற இடம்", "கோட்டு போட்டுக்கொண்டு போக வேண்டும்", "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று என் நண்பர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்படிச் சொல்பவர்கள் ஒருமுறையாவது உள்ளே போய் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பழைய கட்டடங்களை வெளியில் நின்று பார்த்துத் திரும்பிவிடலாம். ஆனால் அரங்கம் என்பது உள்ளே ஆள் உட்கார்ந்து, விளக்கு அணைந்து, மேடையில் ஒலி எழும்போதுதான் அரங்கமாகிறது. இந்தக் கட்டடம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வேலையைச் செய்துவருகிறது. இன்றும் அருங்காட்சியகமாக மாறிவிடாமல் வாரந்தோறும் நிகழ்ச்சிகள் நடக்கும் இடமாக இருப்பதுதான் அதன் பெருமை.

முதலில் கட்டடத்தைப் பற்றி

கிளம்புவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இது ஒரே கட்டடம்போல் தோன்றினாலும் உள்ளே இரண்டு அரங்குகள் உள்ளன. நாடகமும் நடனமும் நடக்கும் விக்டோரியா நாடக அரங்கம் ஒன்று. இசைக்கான விக்டோரியா இசை அரங்கம் இன்னொன்று. நடுவில் மணிக்கூண்டு. இரண்டும் எம்பிரஸ் பிளேஸில்தான் இருக்கின்றன. டிக்கெட்டில் எந்த அரங்கம் என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்துக்கொள்ளுங்கள். தவறான பக்கத்து வரிசையில் நின்று, முன்னால் போனதும் திருப்பி அனுப்பப்படுகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

இரண்டில் மூத்தது நாடக அரங்கப் பகுதி. 1862இல் நகர மண்டபமாகக் கட்டி முடிக்கப்பட்டது அது. விக்டோரியா அரசி 1901இல் இறந்த பிறகு, அவர் நினைவாக மக்களிடம் நன்கொடை திரட்டி, பக்கத்திலேயே நினைவு மண்டபம் ஒன்றை எழுப்பினார்கள். அது 1905இல் திறக்கப்பட்டது. அதற்குப் பொருந்தும்படி பழைய நகர மண்டபத்தையும் மாற்றிக் கட்டி 1909இல் நாடக அரங்கமாகத் திறந்தார்கள். நடுவில் நிற்கும் 54 மீட்டர் மணிக்கூண்டு இரண்டையும் இணைத்தது. நினைவு மண்டபத்துக்கு விக்டோரியா இசை அரங்கம் என்ற பெயர் வந்தது பின்னாளில். சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு 1980இல் இங்கே குடிவந்த காலத்தில்.

இந்தச் சுவர்களுக்குள் நடந்தவை கலை நிகழ்ச்சிகள் மட்டும் இல்லை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது நினைவு மண்டபம் மருத்துவமனையாக இருந்தது. போருக்குப் பிறகு, 1947இல், ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த சூக் சிங் படுகொலை தொடர்பாக ஜப்பானிய அதிகாரிகள்மீது நடந்த விசாரணை இதே மண்டபத்தில்தான் நடந்தது. 1954 நவம்பர் 21ஆம் தேதி இன்று நாட்டை ஆளும் மக்கள் செயல் கட்சியின் தொடக்கக் கூட்டமும் இங்கேதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த செய்தி 1958ஐச் சேர்ந்தது. புதுப்பிக்கப்பட்ட நாடக அரங்கின் திறப்புக்காக நகர மன்றம் சுபிர் சயித்திடம் ஒரு பாட்டு கேட்டது. அவர் எழுதி இசையமைத்துக் கொடுத்த 'மாஜுலா சிங்கப்பூரா' அந்த ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி இந்த மேடையில் முதல்முறையாக ஒலித்தது. அடுத்த ஆண்டே அது நாட்டின் பாடலாயிற்று. நம் பிள்ளைகள் பள்ளியில் தினமும் காலையில் எழுந்து நின்று பாடும் பாட்டு, ஓர் அரங்கத்தின் திறப்பு விழாவுக்காகப் பிறந்தது. குழந்தைகளை அழைத்துப் போகிறீர்களென்றால் உள்ளே நுழையும்போது இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக நடந்த பெரிய சீரமைப்பு 2010 முதல் 2014 வரை. அதில் எடுத்த ஒரு முடிவு பார்வையாளர்களுக்குப் பெரிய நன்மை செய்தது. இரண்டு அரங்குகளிலும் இருக்கைகளைக் குறைத்தார்கள். நாடக அரங்கில் இப்போது 614 பேர் உட்காரலாம். இசை அரங்கில் 673 பேர். இசை அரங்கின் மேல்மாடம் முன்பு வெகுதூரம் நீண்டு வந்து, அதன் அடியில் இருந்த வரிசைகளுக்கு ஒலி சரியாகப் போய்ச் சேரவில்லை. அதைச் சுருக்கியதும் அந்தக் குறை நீங்கியது. நாடக அரங்கின் உட்பகுதி பழைய சுவர்களுக்குள் புதிதாகவே கட்டப்பட்டது. பழைய நாற்காலிகளின் மரப் பலகைகளை வீசிவிடாமல் முகப்புக் கூடத்தின் சுவரில் ஒலி அடக்கும் பலகைகளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இடைவேளையில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

எந்த நிகழ்ச்சிக்குப் போவது

முதல்முறைக்கு என் யோசனை இசை அரங்கம்தான். மொழித் தடை கிடையாது, கதை புரியவில்லையே என்ற கவலையும் இல்லை. அதிலும் பெரிய சிம்பொனியைவிட, நான்கைந்து பேர் வாசிக்கும் சிறு குழு நிகழ்ச்சியையோ தனி பியானோ நிகழ்ச்சியையோ தேர்ந்தெடுங்கள். அறுநூற்றுச் சொச்சம் பேர் உட்காரும் அரங்கில் அந்த அளவு இசைதான் முழுமையாகக் கேட்கும். கலைஞர் மூச்சு இழுத்துவிட்டு வயலின் வில்லைத் தந்தியில் வைப்பதுகூடக் காதில் விழும். கர்நாடகக் கச்சேரிகளை ஒலிபெருக்கி வழியாகவே கேட்டுப் பழகியவர்களுக்கு, மைக் இல்லாமல் ஒரு வயலினின் குரல் கடைசி வரிசைவரை வந்து சேர்வது புதிய அனுபவமாக இருக்கும். நம் இசையும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்கப்பட்டது.

மேடையின் பின்புறச் சுவரில் எழும்பி நிற்கும் குழாய்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த, குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் ஆர்கன் என்ற வாத்தியம் அது. 1987 முதல் இங்கே இருக்கிறது. அதை வாசிக்கும் நிகழ்ச்சி எப்போதாவது மதிய நேரத்தில் வரும். அலுவலகம் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருப்பவர்களுக்கு மதியக் கச்சேரி நல்ல வாய்ப்பு.

நாடகம் பார்க்க விரும்புகிறவர்கள் மொழியைக் கவனியுங்கள். இங்கே ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் நாடகம் போடும் குழுக்கள் நகரில் இருக்கின்றன. வேற்றுமொழி நாடகமென்றால் பெரும்பாலும் மேடைக்கு மேலேயோ பக்கத்திலேயோ திரையில் மொழிபெயர்ப்பு ஓடும். நிகழ்ச்சி விவரத்தில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். கூடவே வயது வகைப்பாட்டையும் பாருங்கள். மேடை நிகழ்ச்சிகளுக்கும் திரைப்படங்களைப்போலவே இங்கே வகைப்பாடு உண்டு. பள்ளிப் பிள்ளைகளோடு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவது வேதனை.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் ருசி பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு தாவரவியல் பூங்காவின் ஏரி மேடையில் அவ்வப்போது இலவசமாக வாசிக்கிறது. புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்கலாம்; குழந்தை அழுதாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அங்கே ஒரு மாலை கழித்துவிட்டு இங்கே வந்தால் தயக்கம் பாதி குறைந்திருக்கும். இந்திய இசையும் நடனமும்தான் வேண்டும் என்பவர்கள், நவம்பரை ஒட்டி எஸ்பிளனேட் கலை மையத்தில் நடக்கும் கலா உற்சவத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

டிக்கெட்டும் இருக்கையும்

பெரும்பாலான டிக்கெட்டுகள் சிஸ்டிக் இணையதளத்தில் கிடைக்கும். முன்பதிவுக் கட்டணம் தனியாகச் சேரும். கடைசிப் பக்கத்தில் தொகை கூடியிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். மாணவர்கள், மூத்தவர்கள், தேசிய சேவையாளர்களுக்குப் பல நிகழ்ச்சிகளில் சலுகை விலை உண்டு. வாங்கும்போதே அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, வரும்போது அடையாள அட்டையைக் கொண்டு வர வேண்டும். 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசாங்கம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புள்ள எஸ்ஜி கல்ச்சர் பாஸ் கொடுத்திருக்கிறது. 2028 இறுதிவரை தகுதியுள்ள கலை நிகழ்ச்சிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். வேலை அனுமதியில் வந்திருப்பவர்களுக்கு அது இல்லை. அவர்கள் மலிவான பிரிவில் வாங்கினால் போதும். அரங்கின் அளவு அப்படி; கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் முகங்கள் தெரியும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். பியானோ நிகழ்ச்சி என்றால் மேடையைப் பார்த்து உட்காரும்போது உங்கள் இடது பக்கத்தில் இடம் எடுங்கள். கட்டைகள் அந்தப் பக்கம் இருப்பதால் கலைஞரின் கைகள் தெரியும். இசைக்குழு முழுவதையும் பார்க்க மேல்மாடத்து முன்வரிசை அருமை. யார் எப்போது வாசிக்கிறார் என்பது மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். கீழே முதல் வரிசையில் உட்கார்ந்தால் வயலின்காரர்களின் காலணிகள்தான் தெரியும். நாடகத்துக்கோ கீழே நடு வரிசை நல்லது. மொழிபெயர்ப்புத் திரை இருந்தால் மிக முன்னால் உட்காராதீர்கள், கழுத்து வலிக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வந்தால் வழியோரத்து இருக்கை எடுங்கள். லிப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் வாங்கும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

கைக்குழந்தைகளோடு போகலாமா என்று இளம் பெற்றோர் கேட்பதுண்டு. சிம்பொனி இசைக்குழுவின் வழக்கமான கச்சேரிகளில் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை. குழந்தைகளுக்கென்றே தனியாக நடத்தும் நிகழ்ச்சிகள் உண்டு, அவற்றுக்குப் போங்கள்.

போய்ச் சேரும் வழி

இரண்டு எம்ஆர்டி (நகர ரயில்) நிலையங்கள் அருகில் உள்ளன. சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கினால் தேசியக் கலைக்கூடத்தையும் பாடாங் திடலையும் ஒட்டி நடந்து வர வேண்டும். ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் 'எச்' (H) வாசல் வழியாக வெளியேறினால் ஆற்றைக் கடந்து வர வேண்டும். முதல்முறை போகிறவர்கள் ராஃபிள்ஸ் பிளேஸ் வழியாக வந்து, திரும்பும்போது எது வசதியோ அந்த நிலையத்துக்குப் போங்கள். காரணம், அந்த வழியில் கேவனா பாலம் இருக்கிறது.

1869இல் கட்டப்பட்ட தொங்கு பாலம் அது. இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். பாலத்தின் முனையில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருக்கிறது. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. நகரின் நடுவே மாட்டு வண்டிகள் ஓடிய காலம் அந்தப் பலகையில் அப்படியே நிற்கிறது. அந்த மாட்டு வண்டிகள் பலவற்றை ஓட்டியவர்கள் நம்மவர்கள். பாலத்தைக் கடந்ததும் ஆசிய நாகரிக அரும்பொருளகம். அதைத் தாண்டினால் மணிக்கூண்டு.

நிகழ்ச்சி ஏழரை மணிக்கு என்றால் ஆறரைக்கே இந்த இடத்துக்கு வந்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் வீண் இல்லை. அரங்கத்துக்கு அருகிலேயே ஒரு கூர்முனைத் தூண் நிற்கிறது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி 1850இல் இங்கே வந்ததன் நினைவாக எழுப்பியது. அப்போது சிங்கப்பூர் கல்கத்தாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தூணின் நான்கு பக்கங்களிலும் ஆங்கிலம், சீனம், ஜாவி எனும் அரபு வடிவ எழுத்தில் மலாய், தமிழ் என்று நான்கு மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள். அதன் தமிழ்ப் பக்கத்தைச் சுற்றிப்போய்த் தேடிப் படியுங்கள். எழுத்தின் வடிவத்திலும் நடையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு தெரியும். தமிழ் இங்கே ஆட்சி மொழியாக அறிவிக்கப்படுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பொது இடத்தில் நிற்கும் நினைவுச் சின்னத்தில் அதற்கு இடம் கொடுக்க வேண்டிய அளவுக்கு நம் மக்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். இந்தப் பகுதி நமக்கு அந்நியமானது என்று நினைப்பவர்கள் அந்தத் தூணின் அருகில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

அரங்கின் முன்னால் இருக்கும் கறுத்த வெண்கல ராஃபிள்ஸ் சிலை 1887இல் பாடாங்கில் வைக்கப்பட்டு, 1919இல் இங்கே இடம் மாறியது. அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு வெண்கல யானை நின்றது. சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசர் சூலாலங்கோன் 1871இல் வந்து போனதன் நினைவாக அவர் அளித்த பரிசு. ராஃபிள்ஸுக்கு இடம்விட்ட அந்த யானை இப்போது பக்கத்தில் இருக்கும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறது. குழந்தைகளுக்கு ராஃபிள்ஸைவிட அதைத்தான் பிடிக்கும்.

இன்னும் நேரம் இருந்தால் சாலையைக் கடந்து பாடாங்கைப் பாருங்கள். 1943 ஜூலை 5ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றது இந்தத் திடலில்தான். அந்தப் படையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். திடலுக்கு அப்பால் எஸ்பிளனேட் பூங்காவில், அந்தப் படையின் இடிக்கப்பட்ட நினைவுச் சின்னம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகை இருக்கிறது.

சாப்பாடும் உடையும்

பசியோடு போய் உட்காராதீர்கள். இடைவேளையில் தின்பண்டமும் பானமும் கிடைத்தாலும் வரிசை நீளமாக இருக்கும். அரங்கின் உள்ளே எதையும் கொண்டுபோக முடியாது. தமிழ்ச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்னதாகவே இந்தியக் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் போய்விட்டு வருவது நல்லது. சிராங்கூன் சாலையின் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. ஐந்து மணிக்கு அங்கே ஒரு தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நிதானமாக வந்து சேரலாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ராஃபிள்ஸ் பிளேஸைத் தாண்டி இருக்கும் லாவ் பா சாட்டுக்குப் போகலாம். 1894இல் எழுந்த இரும்பு வேலைப்பாட்டுச் சந்தைக் கட்டடம் அது. மாலையானதும் வெளியே சாலையை அடைத்து, குச்சியில் செருகிய இறைச்சியான சாத்தேயைச் சுட ஆரம்பிப்பார்கள். புகை வாசனை சட்டையில் ஏறும், அதற்குத் தயாராக இருங்கள்.

உடையைப் பற்றிய பயத்தை விட்டுவிடலாம். கோட்டு அவசியமில்லை. அலுவலகத்துக்குப் போட்ட சட்டையும் கால்சட்டையும் போதும். சேலை, சுடிதார், வேட்டி எல்லாமே பொருத்தம். நம் பெண்கள் பட்டுச் சேலையில் வந்தால் அந்தக் கூடத்துக்கே அழகு. அரைக்கால் சட்டையையும் ரப்பர் செருப்பையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். முக்கியமானது குளிர். வெளியில் எவ்வளவு புழுங்கினாலும் உள்ளே ஏசி எலும்புவரை போகும். ஒரு சால்வையோ மெல்லிய மேற்சட்டையோ இல்லாமல் போகாதீர்கள். சிங்கப்பூரின் மாலை மழையை நம்ப முடியாது என்பதால் மடக்குக் குடையும் கையில் இருக்கட்டும்.

உள்ளே போன பிறகு

கைப்பேசியை அதிர்வில் வைப்பது போதாது, அணைத்துவிடுங்கள். மைக் இல்லாத அரங்கில் பைக்குள் அதிரும் கைப்பேசிகூட நான்கு வரிசைக்குக் கேட்கும். நிகழ்ச்சி நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது. திரையின் வெளிச்சமே பின்னால் இருப்பவர்களின் கண்ணை உறுத்தும். தொண்டை கரகரப்பு இருந்தால் மிட்டாயின் தாளை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதமாக வருகிறவர்களை உடனே உள்ளே விட மாட்டார்கள். ஒரு படைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் கதவு திறக்கும். சில நாடகங்களில் இடைவேளைவரை காத்திருக்க வேண்டியும் வரலாம். நம் சபா பழக்கம் வேறு. அங்கே தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகலாம், பாட்டின் நடுவில் நுழையலாம், தொடையில் தாளம் போடலாம், ஒரு பிடி அழகாக விழுந்தால் "பலே" என்று சொல்லலாம். பாடகருக்கு அது உற்சாகம். இங்கே மௌனம்தான் மரியாதை. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இடமே இல்லை. மைக் இல்லாத இசையில் மிக மெல்லிய ஒலிகளும் பொருள் உள்ளவை. அவற்றுக்கு இடம் கொடுக்க அரங்கம் அமைதியாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் காரணம் புரிந்துவிட்டால் கட்டுப்பாடு சுமையாகத் தெரியாது.

புதியவர்களை மிகவும் பதற வைப்பது கைதட்டல்தான். எப்போது தட்டுவது? சிம்பொனி என்றால் பெரும்பாலும் நான்கு பகுதிகள். ஒரு தனி வாத்தியம் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோ என்றால் பெரும்பாலும் மூன்று. பகுதிகளுக்கு நடுவே சிறிய மௌனம் வரும். அப்போது கைதட்டுவதில்லை. எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகே தட்டுகிறார்கள். நிகழ்ச்சிக் குறிப்பில் ஒவ்வொரு படைப்பின் கீழும் பகுதிகளை வரிசையாக எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து விரல்விட்டு எண்ணிக்கொண்டே வரலாம். எண்ணிக்கை தவறிவிட்டதா, மேடையைப் பாருங்கள். இசை நடத்துநரின் கைகள் கீழே இறங்கி, அவர் பார்வையாளர் பக்கம் திரும்பினால் முடிந்தது என்று பொருள். அவர் கைகள் பாதி உயரத்தில் நின்றால் இன்னும் இருக்கிறது. யாராவது நடுவில் தட்டிவிட்டாலும் குடி முழுகிப் போய்விடாது. இசைக்கலைஞர்கள் பலர் அதைப் புன்னகையோடுதான் ஏற்கிறார்கள்.

இசைக்குழு நிகழ்ச்சியில் தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். எல்லோரும் அமர்ந்த பின் முதல் வயலின் கலைஞர் தனியாக மேடைக்கு வருவார்; அவருக்குக் கைதட்டல் உண்டு. பிறகு ஒபோ என்ற குழல் வாத்தியம் ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டி ஊதும். அந்த ஒரு ஸ்வரத்தை வாங்கிக்கொண்டு வயலின், செல்லோ, பித்தளை வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஒலியைக் கூட்டிக்கொள்ளும். தம்புராவை மீட்டிச் சுருதி சேர்க்கும் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சுருதி சேர்ந்ததும் அரங்கம் ஒரு கணம் மூச்சடக்கும். அப்போதுதான் நடத்துநர் நுழைவார்.

இடைவேளை சுமார் இருபது நிமிடம். முதலில் கழிவறை வரிசையைக் கவனியுங்கள், பிறகு மற்றவை. மணி ஒலித்தால் உடனே திரும்பிவிடுங்கள். மிச்ச நேரத்தில் இரண்டு அரங்குகளுக்கும் நடுவே உள்ள உயரமான கூடத்தில் நின்று மேலே பாருங்கள். பழைய வெளிச்சுவர்கள் அங்கே உட்சுவர்களாகிவிட்டன. முன்பு மழையிலும் வெயிலிலும் நின்ற தூண்களையும் வளைவுகளையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

நிகழ்ச்சி முடிந்து கைதட்டல் நீண்டால் எழுந்து ஓடாதீர்கள். கலைஞர் மறுபடி வந்து, அறிவிக்காத சிறு படைப்பு ஒன்றை வாசிக்கக்கூடும். முழுக் கச்சேரியில் மனத்தில் தங்குவது சில சமயம் அதுவாகவே இருக்கும். அதன் பெயர் தெரியவில்லையென்றால் வெளியே நிற்கும் ஊழியர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

திரும்பும்போது

பெரும்பாலான நிகழ்ச்சிகள் பத்து மணியை ஒட்டி முடிந்துவிடும். எம்ஆர்டி கிடைக்கும், ஆனால் நள்ளிரவை நெருங்கும்போது ஒவ்வொரு பாதையிலும் கடைசி ரயில் ஒவ்வொரு நேரத்தில் போய்விடும். ஜூரோங், பொங்கோல், உட்லண்ட்ஸ் என்று தொலைவில் இருப்பவர்கள் தங்கள் நிலையத்துக்கான கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்சிக்கு அரங்க வாசலிலேயே எல்லோரும் நிற்பார்கள். சில நிமிடம் நடந்து ஃபுல்லர்ட்டன் ஓட்டல் பக்கம் போனால் சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களை அழைத்து வந்தவர்கள் அடுத்த முறை வார இறுதிப் பகல் காட்சி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இந்த அலைச்சலே இருக்காது.